சத்தம் மீனுக்கா, நமக்கா?

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 54. அரசுப் பேருந்து ஓட்டுநர். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில் சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு தூண்டில் போட்டுப் பழகியவன். வாரம் முழுக்க இன்ஜின் சத்தமும் ஹாரன் சத்தமும்தான் என் காதில். வார ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கரையில் உட்காரும் மூன்று மணி நேரம்தான் எனக்கு நிம்மதி. தை மாதத்திலிருந்து பக்கத்து ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர் பைக்கில் வருகிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு, கூச்சல், கெட்ட வார்த்தை. எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து என் தூண்டில் நரம்புக்குக் குறுக்கே வீசுகிறார்கள். பீர் பாட்டிலைக் கரையிலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இப்படிச் சத்தம் போட்டா மீன் எப்படிடா வரும்?" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒருவனுக்கு அரைக் கிலோ ஜிலேபி மீன் மாட்டியது. "பெருசு, மீனுக்கே பாட்டு பிடிச்சிருக்கு, உனக்கென்ன?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு கண்மாய்க்குப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. போலீஸில் சொல்லலாமா? நான்தான் பொறுத்துப் போக வேண்டுமா? சத்தத்துக்கு மீன் ஓடாதா?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு உங்கள் பேச்சு எடுபடாமல் போனது அந்த இடத்தில்தான்.

மீன்வளத் துறையில் ஆய்வாளராக முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் அதற்குச் சொன்ன காரணம் பெரும்பாலும் சரியில்லை. காற்றில் வரும் சத்தம் தண்ணீரின் மேல்பரப்பில் பட்டதும் ஏறக்குறைய முழுவதும் மேலேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே இறங்கும். கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு இது தெரியும். மேலே நின்று கூப்பிடுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே எங்கோ தூரத்தில் கேட்பதுபோலத்தான் இருக்கும். கரையில் ஓடும் பாட்டும் பேச்சும் மீனைப் போய்ச் சேருவதற்குள் அவ்வளவு மெலிந்துவிடும்.

அதற்காக மீன் செவிடு என்று சொல்லவில்லை. கெண்டை, கட்லா, ரோகு, கெளுத்தி இவற்றுக்கெல்லாம் காது நல்ல கூர்மை. அவற்றின் காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கும். வெபர் என்ற ஜெர்மானியர் 1820-இல் விவரித்ததால் வெபர் எலும்புகள் என்று பெயர். காற்றுப்பை அதிர்ந்தால் அந்த அதிர்வு நேராகக் காதுக்குப் போய்விடும். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு ஐம்பது வருடம் முன்பே, கண் பார்வை இல்லாத ஒரு சிறு கெளுத்தியை விசில் சத்தத்துக்கு வரும்படி பழக்கினார். அது சின்னத் தொட்டி, அமைதியான அறை. ஒரு கண்மாயில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

அன்று மாட்டியதோ ஜிலேபி. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். அதற்கு இந்த எலும்புச் சங்கிலியே கிடையாது. தாழ்ந்த சுருதியில் உள்ள ஒலிகளைத்தான் அது கேட்கும். பாட்டை வைத்து ஜிலேபியை விரட்டவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. ஆகவே அந்தப் பையன் சொன்னதும் தப்பு, நீங்கள் சொன்னதும் தப்பு. நேரம் அவன் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

மீனை உண்மையில் விரட்டுவது வேறு. கரையில் தொம் தொம் என்று ஓடுவது, மடைக் கல்லின் மேல் எதையாவது போட்டு உடைப்பது, தண்ணீரில் இறங்கிக் கலக்குவது, கல்லெறிவது. மண்ணில் விழும் அடி மண் வழியாகவே தண்ணீருக்குள் இறங்கிவிடும். தண்ணீருக்குள் இறங்கிய ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும். காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். பக்கத்தில் தண்ணீர் அசைந்தாலோ, மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு அதை உடனே உணர்ந்துவிடும். பாட்டே போடாமல் செருப்புக் காலால் மீனை விரட்டிவிட்டு, "இன்னைக்கு மீனே இல்லை" என்று போகிற தூண்டில்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே காலடிச் சத்தத்துக்குக் கோயில் குளத்து மீன்கள் படிக்கட்டுக்குக் கூட்டமாக ஓடி வருவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பொரி வரும். கண்மாயில் முள் வரும். மீன் அதைக் கற்றுக்கொள்கிறது.

இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சத்தம் மீனை விரட்டவில்லை. உங்களைத்தான் விரட்டியது. அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. "எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்" என்று கேட்டால் சிரிப்பார்களோ என்று, மீனை முன்னால் நிறுத்திப் பேசினீர்கள். மீன் உங்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. நம் ஊர்களில் ஆண்கள் பலரும் இப்படித்தான். களைப்பாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதில் சாப்பாட்டில் உப்பில்லை என்போம். வாரத்தில் ஆறு நாள், பக்கத்திலேயே இன்ஜின் உறும, அறுபது பேரைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிற ஒருவர் ஏழாவது நாள் மூன்று மணி நேர அமைதியைக் கேட்பதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. அதுவே போதுமான காரணம். அடுத்த முறை அதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அவர்கள் போடும் சத்தம் உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இதை நான் நிச்சயமாகவே சொல்வேன். விடிகாலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருக்கும். அந்த நேரத்தில் சத்தம் மேலே போய்க் கரையாமல் வளைந்து கீழேயே வரும். காற்றும் அடிக்காது, தடுக்க மரமும் இருக்காது. அக்கரையில் ஒருவர் பீடி கேட்பது இக்கரையில் தெளிவாகக் காதில் விழும். வெயில் ஏறிய பிறகு அதே பேச்சு பாதித் தூரம்கூட வராது. நமக்குப் பக்கத்தில் கேட்பதுபோல இருப்பதால் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று தோன்றிவிடும். அவர்கள் கணக்கிலோ, பெரிய கண்மாயில் சின்ன ஸ்பீக்கர்.

சரி, எப்படிப் பேசுவது?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்மாய்க்குப் போனேன். குத்தகைக்காரரின் அனுமதி இல்லாமல் நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டு, குத்தகைக்காரரின் ஆளையே கேலி செய்து கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அதட்டினேன். ஒருவன் எழுந்து நேராக என் முகத்துக்கு வந்துவிட்டான். கைகலப்பாகாமல் போனதற்குக் காரணம் அங்கிருந்த காவல்காரர். அறுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். நேராக அவர்களில் மூத்தவனிடம் போய்ப் பக்கத்தில் குத்தவைத்தார். "என்ன தம்பி, முள்ளு ரொம்பப் பெருசால்ல இருக்கு? இந்த முள்ளுக்கு இங்க கெண்டை வாயத் தொறக்காதே" என்றார். ஐந்து நிமிடம் முள்ளைப் பற்றியும் இரையைப் பற்றியும்தான் பேச்சு. அதற்கு அப்புறம்தான் குத்தகை விஷயத்தை எடுத்தார். அவர்கள் அவருக்குப் பதில் சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கரையில் இறங்கினாலும் முதல் பேச்சை மீனைப் பற்றித்தான் வைத்துக்கொண்டேன்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை "டா" போட்டுப் பேசிவிட்டீர்கள், அதுவும் அவன் கூட்டாளிகள் முன்னால். இருபது வயதுப் பையனுக்கு அந்த இடத்தில் வேறு வழி இல்லை. அடங்கிப் போனால் அந்த வாரம் முழுக்க அவனைக் கேலி செய்வார்கள். உங்களைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொண்டான். அதை மன்னிக்கச் சொல்லவில்லை. எங்கே தப்பு நடந்தது என்பதைக் காட்டுகிறேன். கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் கூட்டம்தான் பதில் சொல்லும்.

ஆகவே ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். ஏழெட்டுப் பேரில் உண்மையாகவே தூண்டிலில் ஆர்வமுள்ளவன் ஒருவனாவது இருப்பான். தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பான், மற்றவர்கள் கூச்சல் போடும்போது அவனுக்கும் எரிச்சலாக இருக்கும். அந்த அரைக் கிலோ ஜிலேபியைப் பிடித்தவனே அவனாகக்கூட இருக்கலாம். அவர்கள் வந்து வண்டியை நிறுத்தும்போதே, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, அவனிடம் போங்கள். சத்தத்துக்கு நடுவில் போனால் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். கத்தினாலே அது சண்டைபோல ஆகிவிடும்.

முதலில் பழையதை முடித்துவிடுங்கள். "தம்பி, அன்னைக்கு நான் டா போட்டுப் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க." ஒரு வாக்கியம் போதும். நீங்கள் தாழ்ந்துபோய்விட மாட்டீர்கள். வயதில் மூத்தவர் வந்து இப்படிச் சொன்னால் நம் பக்கத்துப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் கூச்சப்பட்டு, "அய்யோ விடுங்கண்ணே" என்றுதான் சொல்வார்கள். அப்புறம் உங்கள் தேவையைச் சொல்லுங்கள்: "நான் பஸ் டிரைவர்ப்பா. வாரம் பூரா ஹாரன் சத்தம்தான். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தான் காதுக்கு ஓய்வு. ஒம்போது மணிக்குக் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் பாட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சு வைங்கப்பா."

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கேட்பது ஒன்றே ஒன்று. பாட்டு, கெட்ட வார்த்தை, பாட்டில், குறுக்கே வீசுவது என்று எல்லாவற்றையும் அடுக்கினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். அப்புறம், கேட்பதற்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது. "சத்தம் போடாதீங்க" என்றால் எப்போதுமே கூடாது என்று ஆகிறது. ஒன்பது மணிவரை என்றால் யாராலும் செய்ய முடியும். ஒன்பது மணிக்குச் சொன்னபடி எழுந்து வந்துவிடுங்கள். மீன் நன்றாகக் கொத்திக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் நீங்கள் கேட்டால் செய்வார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

குறுக்கே வீசுவதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். அவர்கள் வருவதற்கு முன்பே இடம்பிடித்து, பக்கத்தில் யாராவது வந்து உட்காரும்போது, "தம்பி, நான் நேரா அந்தக் கருவேல மரத்தைப் பார்த்து வீசுறேன், நீங்க அந்தக் கலுங்கைப் பார்த்து வீசுங்க" என்று அடையாளம் காட்டிவிடுங்கள். இடைவெளி முப்பது அடியாவது வேண்டும். புதிதாக ராடும் ரீலும் வாங்கியவர்களுக்கு வீச்சு நேராகப் போகாது, பக்கவாட்டில்தான் போகும். அது திமிர் என்று நினைக்காதீர்கள், பழக்கமின்மை. இரண்டு நரம்பும் சிக்கிவிட்டால் அவர்கள் இழுக்கும் முன்பே, "இழுக்காதீங்க, தளர்த்துங்க" என்று சொல்லி நீங்களே போய்ப் பிரித்துவிடுங்கள். சிக்கைப் பிரிக்கும்போது இரண்டு பேரும் தலை குனிந்து ஒரே முடிச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து கரையில் பழக்கம் ஆரம்பிப்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை. அறுத்தெடுத்த நரம்பை அங்கேயே போடாமல் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். அவர்கள் பார்க்கும்படி வையுங்கள். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் காலில் சுற்றினால் அது எத்தனை நாளானாலும் அவிழாது. காலே அழுகிப்போன கொக்கை நான் கையில் எடுத்திருக்கிறேன்.

பீர் பாட்டில் விஷயம் இதில் சேராது. அதைப் பொறுத்துப் போகவே கூடாது என்பது என் கருத்து.

இது பங்குனி. இன்னும் சில வாரத்தில் தண்ணீர் வற்றும். உங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் பல கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலை, அரிகூடை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரமே உள்ளே இறங்கும். பெண்கள், பிள்ளைகள் எல்லோரும். முழங்கால் சேறு, பெரும்பாலும் வெறுங்கால். இவர்கள் உடைத்துப் போட்ட கண்ணாடி அந்தச் சேற்றில்தான் கிடக்கப்போகிறது. கண்மாய் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் வலை இழுக்க வருகிற கூலிக்காரர்களும் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். அப்படி ஒருவர் பாதத்தில் பாட்டில் துண்டு ஏறி, சேற்றுப் புண்ணாகி, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். தண்ணீர் குடிக்க வரும் மாட்டின் குளம்புக்கும் இதே கதிதான்.

இதை அவர்களிடம் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவர்கள் வேறு. மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். இந்த இடத்தில் நான் உங்களையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போடுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அப்பா காலத்திலிருந்து உட்காரும் கரை என்பது உங்கள் மனதில் உள்ள உரிமை. ஏலத்தில் மீன்பாசி எடுத்திருந்தால் அந்த மீன் அவருடையது. பெரும்பாலான குத்தகைக்காரர்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒற்றைத் தூண்டில் போடுவதைத் தடுப்பதில்லை. ஆனால் கேட்டு வைத்திருந்தால்தான் பிரச்சினை என்று வரும்போது நீங்கள் அவர் பக்கத்தில் நின்று பேச முடியும். குத்தகை இல்லாத கண்மாய் என்றால் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி, திருவிழாவை நடத்துகிற பெரியவர்கள். அது எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம், "பையன்கள் சத்தம் போடுகிறார்கள்" என்று போகாதீர்கள். "கரையில் கண்ணாடி கிடக்கிறது, துண்டு வீசுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும்" என்று போங்கள். முதலாவது உங்கள் தனிப்பட்ட மனத்தாங்கல். இரண்டாவது ஊர் விஷயம். அந்தப் பையன்கள் பக்கத்து ஊர் என்கிறீர்கள். அவர்கள் வீட்டிலிருந்தும் யாராவது ஊத்தாவோடு வரத்தான் போகிறார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசிக்கொண்டால் போதும்.

அந்தத் திருவிழாவில் எழும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். எந்த ஸ்பீக்கரும் அதற்கு ஈடாகாது. நீங்களும் அதில் கத்தியிருப்பீர்கள். அது உங்களுக்குத் தொந்தரவாகத் தெரிந்திருக்காது. துண்டு வீசும்வரை நூற்றுக்கணக்கானவர்கள் கரையிலேயே நிற்கிறார்கள், ஒருவரும் காலை நனைப்பதில்லை. அந்த முறை இருப்பதால்தான் அந்தச் சத்தம் சந்தோஷமாக இருக்கிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி ஒரு முறை இன்னும் ஏற்படவில்லை. முன்பு தூண்டில் போட்டவர்கள் பத்துப் பேர், எல்லோரும் ஒரே ஊர், மாமன் மச்சான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பைக் இருக்கிறது, ராடு ஆன்லைனில் கிடைக்கிறது, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குக் கரையின் பழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு ஊர் நினைத்தால் முடியும் என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் பயந்துவிடும் என்று பல வருடமாக விட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து நிற்பதில்லை. பிள்ளைகளுக்குக்கூட வெடி வாங்கிக் கொடுப்பதில்லை. தீபாவளிக்கே அடங்கி இருக்க முடிகிற மண்ணில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிவரை ஸ்பீக்கரை அணைத்து வைப்பது பெரிய காரியமில்லை.

நீங்கள் பொறுத்துப் போக வேண்டியவையும் உண்டு. கண்மாய் தூண்டில்காரர்களுக்காக வெட்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர், மாட்டுக்குத் தண்ணீர், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். துணி துவைக்கிற சத்தம், எருமையைக் குளிப்பாட்டுகிற சத்தம், பிள்ளைகள் குதித்து நீந்துகிற சத்தம், கோயில் ஒலிபெருக்கி, இவற்றைப் பற்றி யாரிடமும் பேச உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. பையன்கள் மீன் மாட்டியதும் "ஏய்" என்று கத்துவதையும் விட்டுவிடுங்கள். முதல் விரால் மாட்டிய அன்று நானும் கத்தினேன். உங்கள் அப்பா பக்கத்தில் இருந்தபோது நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

போலீஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டுச் சத்தத்துக்காக மட்டும் போலீஸுக்குப் போவதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒருநாள் வந்து விரட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் விடிகாலையில் நீங்கள் தனியாகத்தான் அந்தக் கரையில் உட்கார வேண்டும். ஆனால் சில நேரங்களில் யோசிக்கவே கூடாது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். மேலே நான் சொன்ன எதுவும் போதையில் இருப்பவரிடம் செல்லாது. பொது இடத்தில் குடிப்பது குற்றம். சற்றுத் தள்ளிப் போய் 112-க்கோ 100-க்கோ போன் செய்யுங்கள். யாராவது கையில் பாட்டிலோடு உங்களை நோக்கி வந்தால், ராடை அப்படியே போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ராடு வேறு வாங்கலாம். தோட்டா போடுவது, மருந்து கலப்பது, பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுவது இவற்றைக் கண்டால் உடனே போலீஸுக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லிவிட வேண்டும். வெடியையும் விஷத்தையும் வைத்து மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்த வேலை செய்கிறவர்களிடம் பக்குவமாகப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பேசியும் கேட்கவில்லை என்றால்? அதற்கும் வாய்ப்பு உண்டு, மறைக்க விரும்பவில்லை. அப்போது இடத்தை மாற்றுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம், அவர்களுக்கு மேல்காற்றில் போய் உட்காருங்கள். காற்றை எதிர்த்து வரும் சத்தம் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், அதே தூரத்தில் பாதிகூடக் கேட்காது. கரை வளைந்து திரும்புகிற இடம், மடைச் சுவருக்கு மறைவு, உள்வாய்ப் பக்கம் கருவேல மரங்கள் அடர்ந்த இடம் இவையும் நல்ல மறைப்பு. பைக் போகாத இடத்துக்குக் கால் கிலோமீட்டர் நடந்தாலே கூட்டம் வராது. எனக்குத் தெரிந்த பல தூண்டில்காரர்கள் இதை மட்டுமே செய்து நிம்மதியாக இருக்கிறார்கள். டிப்போவில் சக ஓட்டுநர் யாராவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருப்பார். மாதத்தில் இரண்டு வாரம் அவரோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எந்தக் கண்மாயும் காலியாகத்தான் இருக்கும். இதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு வேண்டியது கரையில் உட்காருவது. எந்தக் கிழமை என்பது முக்கியமில்லை.

நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு சிரிப்புக்கு இப்போதும் படபடக்கிறது என்றால் கோபம் மட்டும் காரணமாக இருக்காது. நான் மருத்துவன் இல்லை. ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள், இந்த வாரமே. இத்தனை வருடமாகக் கண்மாயில் இறக்கி வைத்ததை இப்போது வீட்டுக்கும் வண்டிக்கும் சுமந்துகொண்டு போகிறீர்கள். காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. வருடக்கணக்காக இன்ஜின் சத்தத்தில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவதோடு, சில சத்தங்கள் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகக் குத்துவதும் உண்டு. அப்படி இருந்தால் அது அந்தப் பையன்களின் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள். பேசுவதற்காகப் போக வேண்டாம். முதல் தடவை சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர்கள் வந்தால் ஒரு தலையசைப்பு போதும். பேச்சு அதற்கடுத்த வாரம். வீட்டிலிருந்து ஒரு சாக்கு எடுத்துப் போய், நீங்கள் உட்காரும் இடத்தைச் சுற்றிலும் உள்ள கண்ணாடியை மட்டும் பொறுக்கிப் போடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளம்புவதற்கு முன் நரம்பைச் சோதித்துவிடுங்கள். இரண்டு மாதமாக ராடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஓட்டுக்கு அடியில் பரணில் கிடந்திருந்தால் இந்த வெயில் சூட்டுக்கு நைலான் நைந்திருக்கலாம். பத்தடி இழுத்துப் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுங்கள். பட்டென்று அறுந்தால் புது நரம்பு சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்திருக்கும் இந்த நேரத்தில் மடைப் பள்ளத்தில்தான் பெரிய மீன்கள் ஒதுங்கி நிற்கும்.